குஷன் கம்பியில் தொங்கியது

கிளப்பின் பதிவேட்டில் முதலில் அதை விபத்து என்றுதான் எழுதினார்கள். அப்படி எழுதும்படி பேசியவன் நான். நடந்ததை முழுதாகச் சொல்லிவிடுகிறேன். தீர்ப்பு உங்களுடையது.

நான் இருப்பது ஆஸ்திரேலியாவில், நியூ சவுத் வேல்ஸ் கடலோரத்தில். மாற்றுத்திறனாளிகளுக்குப் பாய்மரப் படகு ஓட்டக் கற்றுத்தரும் ஒரு கிளப்பில் சனிக்கிழமைகளில் தன்னார்வலனாக இருந்தேன். பெரும்பாலும் ஓய்வுபெற்றவர்கள் நடத்துவது. படகு ஹன்சா 303. கிறிஸ் மிட்செல் என்ற ஆஸ்திரேலியர் தொடங்கிவைத்த படகு வரிசையைச் சேர்ந்தது. இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில், முன்னே பார்த்தபடி, தாழ உட்காரலாம். நடுவில் இருக்கும் ஜாய்ஸ்டிக்கை அசைத்தால் சுக்கான் திரும்பும். அடியில் கனம் இருப்பதால் லேசில் கவிழாது. கால் வராதவரும் ஓட்டலாம்.

இதையெல்லாம் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தேன். ஹிலரி லிஸ்டர் கழுத்துக்குக் கீழே அசைவில்லாதவர். குழாயில் மூச்சை இழுத்தும் ஊதியும் படகை ஓட்டி 2005-இல் ஆங்கிலக் கால்வாயைத் தனியாகக் கடந்தார், 2009-இல் பிரிட்டனையே சுற்றிவந்தார் என்பேன். எங்கள் நாட்டு டேனியல் ஃபிட்ஸ்கிப்பனும் லீசல் டெஷும் 2012 லண்டன், 2016 ரியோ இரண்டு பாராலிம்பிக்கிலும் தங்கம் வாங்கினார்கள், அடுத்த டோக்கியோவில் பாய்மரப் போட்டியையே எடுத்துவிட்டார்கள் என்று பொருமுவேன். கோபம் நிஜம்தான். ஆனால் அந்த வீரர்களின் வரிசையில் நானும் நிற்பதுபோல ஒரு தொனி என் குரலில் இருக்கும். அது எனக்குப் பிடித்திருந்தது.

அன்று என் படகில் வந்தவர் நாற்பதைத் தாண்டியவர். முதுகுத்தண்டில் அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. ஒரே இடத்தில் உட்கார்ந்தால் நமக்கு வலிக்கும், நம்மை அறியாமலே நகர்ந்துகொள்வோம். அவருக்கு அந்த வலி வராது. எலும்புக்கும் இருக்கைக்கும் நடுவே தோல் நசுங்கும். ரத்த ஓட்டம் நிற்கும். சதை உள்ளுக்குள்ளேயே சாகும். வீல்சேரில் இருப்பவர்கள் கையை ஊன்றி அடிக்கடி உடம்பைத் தூக்கிக்கொள்வது இதனால்தான். தாழ்வான படகு இருக்கையில் அதைச் செய்வது கஷ்டம். ஆகவே குஷன். எங்களுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுத்த பாடம் இது. தெரியாது என்று சொல்ல எனக்கு வழியில்லை.

முந்தைய சவாரியில் குஷன் நனைந்திருந்தது. பிழிந்து, காயட்டும் என்று படகுத்துறையின் கைப்பிடிக் கம்பியில் போட்டேன். அதோடு மறந்துபோனேன். ஆளைத் தூக்கிப் படகில் இறக்கும் ஹோய்ஸ்ட்டை இயக்கியது ஓய்வுபெற்ற நர்ஸ் அம்மாள் ஒருவர். படகில் இறக்குவதற்கு முன், "குஷன் போட்டாச்சா?" என்று கேட்டார். "போட்டாச்சு" என்றேன். இருக்கையைப் பார்க்கக்கூட இல்லை. நல்ல காற்று. பாய் படபடத்துக்கொண்டிருந்தது. என் கண் அதில் இருந்தது.

இதுவரை கவனக்குறைவு. அடுத்தது அப்படியல்ல.

துறையை விட்டுக் கல்லெறி தூரம் போயிருப்போம். தற்செயலாகத் திரும்பினேன். நீலக் குஷன் கம்பியில் தொங்கியது. நன்றாகப் பார்த்தேன். திரும்பினால் ஹோய்ஸ்ட்டில் அவரை மறுபடி தூக்க வேண்டும். வரிசையில் காத்திருப்பவர்கள் பார்ப்பார்கள். அந்த அம்மாள் என் முகத்தைப் பார்ப்பார். ஒரு மணி நேரத்தில் என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதும் பொய். எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நினைத்துப் பார்த்திருந்தால் திரும்பியிருப்பேன்.

அவர் சந்தோஷமாக இருந்தார். "அந்த மிதவை வரைக்கும் போகலாமா?" என்று கேட்டார். குஷன் இல்லை என்று அவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். முடிவை அவரே எடுத்திருப்பார். "தாராளமாக" என்றேன். அலை சற்று எழுந்திருந்தது. ஒவ்வொரு முறை படகு அடித்து இறங்கும்போதும் எனக்கு இடுப்பு வலித்தது. அவர் சிரித்துக்கொண்டே ஓட்டினார்.

அன்று ராத்திரி சிவந்த தடம் தெரிந்ததாம். மறையவில்லை. தோல் விட்டது, புண் ஆழமானது. வாரக்கணக்கில் குப்புறப் படுத்தே கிடந்தார். வேலைக்குப் போக முடியவில்லை. அவருடைய தங்கை லீவு போட்டுவிட்டு வேறு ஊரிலிருந்து வந்து பார்த்துக்கொண்டார்.

கிளப்பில் விசாரித்தார்கள். "வைத்தேன். இறக்கும்போது நழுவியிருக்கலாம்" என்றேன். இறக்கியவர் அந்த அம்மாள். பழி அவர் தலையில் விழுந்தது. அவர் மறுக்கவில்லை. "நான் ஒரு தடவை கையை வைத்துப் பார்த்திருக்க வேண்டும்" என்றார். அதற்குப்பின் அவர் வரவில்லை.

அதே வாரங்களில்தான் எங்கள் தமிழ்ச் சங்கத்தின் பொங்கல் விழா. சேவைக்காக எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். குனிந்து வாங்கிக்கொண்டேன்.

பிறகு கமிட்டியிடம் உண்மையைச் சொன்னேன். மனசாட்சி உறுத்தியது என்று எழுத ஆசைதான். துறையில் யாரோ எடுத்த போட்டோவில், எங்கள் படகுக்குப் பின்னால், கம்பியில் அந்த நீலக் குஷன் தெரிந்தது. யாராவது கவனித்துவிடுவார்கள் என்ற பயத்தில் சொன்னேன். பதிவேட்டைத் திருத்தினார்கள். அம்மாளுக்கும் படகில் வந்தவருக்கும் கடிதம் எழுதினேன். அம்மாளிடமிருந்து பதில் இல்லை. படகில் வந்தவர் மட்டும் ஒரே ஒரு கேள்வி கேட்டு எழுதினார்: குஷனை எப்போது பார்த்தாய்? மிதவைக்குப் போகலாமா என்று நீங்கள் கேட்பதற்கு முன்பே என்று பதில் போட்டேன்.

இப்போது எனக்குப் படகில் வேலை இல்லை. பாய்களை அலசிக் காயப்போடுகிறேன். ஹோய்ஸ்ட் இயக்கப் பயிற்சி பெற்றவர்கள் எங்களிடம் இரண்டே பேர்தான் இருந்தார்கள். அம்மாள் போனபின் ஒருவர். அவர் வராத சனிக்கிழமைகளில், வீல்சேரில் வருகிறவர்களுக்கு முன்கூட்டியே போன் செய்து வர வேண்டாம் என்று சொல்லிவிடுகிறார்கள்.