பரிசலும் உருளை ரீலும்

சேலத்துக்குத் தெற்கே, ஜருகுமலையை ஒரு புறம் அரணாகக் கொண்டு, அரளித் தோட்டங்கள் சூழ அமைந்த பனமரத்துப்பட்டியில், ஆழ்துளைக் கிணற்று மோட்டார்களுக்குக் கம்பி சுற்றிக் கொடுக்கும் சிறு கடையொன்றில் மீன்பிடி ரீல்களையும் பழுது பார்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டபோது எனக்கு வியப்பு உண்டாயிற்று. ஒரு காலத்தில் சேலம் நகரத்துக்குக் குடிநீர் வழங்கிய இவ்வூர்ப் பெரிய ஏரி, நீர்வரத்துக் குன்றிச் சீமைக் கருவேலம் மண்டிக் கிடந்த காலம் நீண்டது; அதில் படகேறி மீன் பிடித்தவர்களை நான் கண்டதில்லை. ரீல்கள் வருவது மேட்டூர் நீர்த்தேக்கத்துக்குத் தூண்டிலோடு போய்வரும் சேலத்து இளைஞர்களிடமிருந்து. மோட்டாரில் பழகிய கை இதற்கும் ஏற்றது என்று அவர்கள் கண்டுகொண்டிருக்கிறார்கள்.

நான் போன சமயம் கடைக்காரர் மேசைமேல் பழைய வேட்டித் துண்டு ஒன்றை விரித்து, உருளை ரீல் ஒன்றைப் பிரித்து, கழற்றிய வரிசை மாறாமல் உறுப்புகளை இடமிருந்து வலமாக அடுக்கியிருந்தார்: கைப்பிடி, நட்சத்திர வடிவத் திருகு, பக்கத் தகடு, பெரிய பல்சக்கரம், அதன் குழிக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக அமர்ந்திருந்த மெல்லிய வட்டுகள். இன்று கடைகளில் மிகுதியாக விற்கும் ஸ்பின்னிங் ரீலில் நூல் சுற்றும் பாகம் நிலையாக நிற்க, நரம்பு அதன் விளிம்பில் வளைந்து ஏறுகிறது. அதனால் முறுக்கும் ஏறுகிறது. உருளை ரீலோ தூண்டிற்கோலின் மேல் குறுக்கே கிடந்து, கிணற்று ராட்டினம் போலத் தானே சுழன்று நரம்பை நேராக வாங்கிக்கொள்கிறது. வீச்சுக்குப் பழக்கம் வேண்டும் என்பது இதன் குறை. கனத்த மீனை இழுத்து வாங்குவதில் இதற்கு இணையில்லை. படகிலிருந்து இரையை நேரே கீழே இறக்குபவனுக்கு வீச்சு பெரும்பாலும் தேவைப்படுவதில்லையாதலால், அக்குறையும் அவனளவில் குறையன்று.

கடைக்காரர் சாமணத்தால் ஒரு வட்டை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினார். கார்பன் இழைகளால் நெய்த கறுப்பு வட்டு. ஓரத்தில் மட்டும் தவறான எண்ணெய் ஊறிக் கண்ணாடிபோல் பளபளப்பேறியிருந்தது. 

"இதுதானுங்க ரீலோட உசுரு. வெளியில மின்னறதப் பாத்துட்டு வாங்கியாந்துடறாங்க. இந்த எடத்துல வழுக்கும், அந்த எடத்துல பிடிக்கும். மீன் வெட்டி இழுக்கறப்ப அப்படி ஒரு நொடி பிடிச்சாப் போதும், நரம்பு அறுந்துரும்."

நட்சத்திரத் திருகை முடுக்கினால் இவ்வட்டுகள் ஒன்றையொன்று அழுத்துகின்றன. குறித்த அளவுக்கு மேல் மீன் இழுத்தால் உருளை வழுக்கிக்கொண்டு நரம்பை விடுகிறது. தூண்டிற்காரர்கள் டிராக் என்று சொல்வது இதனைத்தான். இந்த ஏற்பாடு இல்லாத காலத்தில் பெரிய மீன் ஓடும்போது ரீலின் கைப்பிடி பின்னோக்கிச் சுழன்று விரல்முட்டிகளை உடைத்ததும், தோல் துண்டொன்றை உருளைமேல் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தி ஓட்டத்தைத் தணித்ததும் உண்டு. பல்சக்கரம் பூட்டிய ரீல் 18ஆம் நூற்றாண்டிலேயே லண்டன் கடைகளில் இருந்தது. கெண்டக்கியின் பாரிஸ் என்ற ஊரில் கடிகாரத் தொழில் செய்த ஜார்ஜ் ஸ்னைடர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதனை நேர்த்தியாகச் செய்தார். ஆயினும் கைப்பிடி நிற்க உருளை மட்டும் வழுக்கும் நட்சத்திரத் திருகு, 1913ஐ ஒட்டி, வில்லியம் போஷன் என்ற கடல்மீன் வேட்டைக்காரரின் யோசனையை ஜூலியஸ் வாம் ஹோஃப் என்ற ரீல் தயாரிப்பாளர் உருவாக்கித் தந்த பிறகே நிலைபெற்றது. மீனோடு போராடியவனும் பித்தளையைக் கடைந்தவனும் ஒன்றுகூடியதால் விளைந்த பொருள் அது. பனமரத்துப்பட்டிக் கடையிலும் அவ்விரு அறிவும் கூடியிருப்பதை நான் பிரத்தியட்சமாகக் கண்டேன்.

"பரிசல்ல வச்சுப் பாத்தாத்தானுங்க இதோட தாரதம்மியம் தெரியும்" என்று சொல்லி, தம் சொந்த ரீலையும் எடுத்துக்கொண்டு அவர் என்னை மேட்டூருக்கு அழைத்துச் சென்றார். ஓமலூர், மேச்சேரி வழியாக அணையைக் கடந்து, கொளத்தூர்ப் பக்கம் திரும்பிப் பண்ணவாடிப் பரிசல் துறையை அடைந்தோம். 1934இல் திறக்கப்பட்ட இவ்வணையின் முழு நீர்மட்டம் 120 அடி. நீர் இறங்கும் கோடைகளில் பழைய ஜலகண்டேசுவரர் கோயிலின் நந்தியும் கிறிஸ்தவ ஆலயக் கோபுரமும் வெளியே தெரியும் இடம் பண்ணவாடியே. அன்று அவை நீருக்குள் இருந்தன. எதிரே நாகமரைக் கரை மங்கலாகத் தெரிந்தது.

மீன்வளத் துறையின் உரிமம் பெற்ற முதிய பரிசல்காரரும் அவர் மனைவியும் எங்களை ஏற்றிக்கொண்டனர். பிளந்த மூங்கிலைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி, முன்னாளில் தோலும் இந்நாளில் பிளாஸ்டிக் விரிப்பும் தாரும் கொண்டு அடைக்கும் இந்த வட்டக்கலத்துக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை; அடியில் நீரைக் கிழித்து நேர்ப்படுத்தும் முதுகெலும்புக் கட்டையும் இல்லை. அம்மையார் போகும் திசையை நோக்கி மண்டியிட்டு, துடுப்பால் நீரைத் தம்மை நோக்கி வாங்கி வாங்கிப் பரிசலை நடத்தினார். பெரியவர் சிறு கெண்டையை உயிரோடு முள்ளில் கோத்து, ஈயம் கட்டி, கட்டையில் சுற்றிய தங்கூசி நரம்பை ஆழத்தில் இறக்கினார். அவருடைய ஆள்காட்டி விரலில் சைக்கிள் டியூபில் வெட்டிய வளையம் ஒன்று இருந்தது. நரம்பு அதன் மேல் படிந்து சென்றது.

வாளை கவ்வியதும் அவர் இழுக்கவில்லை. விரலை மடக்கி, டியூபின் மேல் நரம்பு கனத்து ஓட விட்டார். பரிசல் மெல்ல அரைவட்டம் திரும்பி மீன் போகும் திசையில் நகர்ந்தது. துடுப்பால் நிறுத்தலாகாதா என்று கேட்டேன். 

"எதுக்குங்க? அது போற பக்கம் பரிசலும் போவட்டுமே. நின்னுக்கிட்டு இழுத்தாத்தான் அறுக்கும்" என்றார் அம்மையார். 

மீன் களைத்த பின் பெரியவர் கைமாற்றிக் கைமாற்றி நிதானமாக வாங்கினார். நாலு கிலோவுக்குக் குறையாத வாளை வலைக்குள் வந்தது. சிறு கலத்தில் மீன் பிடிப்பவன் அறிய வேண்டியதெல்லாம் அந்தக் காட்சியில் அடங்கியிருந்தது என்பது என் அபிப்பிராயம். கலமே நரம்பு விட்டுக் கொடுக்கிறது. ஆகவே பெரிய விசைப்படகுக்கென்று செய்த பருத்த ரீலை, நூல் நிறையக் கொள்ளும், டிராக் மிகுதி என்ற காரணங்களுக்காகப் பரிசலுக்கோ கயாக்குக்கோ வாங்குவது வீண். அளவு மீறி முடுக்கிய டிராக், உட்கார்ந்திருப்பவனையும் கலத்தையும் சேர்த்து நீரின் பக்கம் சாய்த்துவிடும்.

கடைக்காரரின் ரீலை நானும் பிடித்துப் பார்த்தேன். பரிசலில் எழுந்து நின்று கோலை உயர்த்த இயலாது. உயர்த்தினால் விளிம்பு தாழ்கிறது. கோலின் உதவி குறைவதால் மீனைத் தூக்கும் வேலை முழுவதும் பல்சக்கரத்தின் மேல் விழுகிறது. கைப்பிடியின் ஒரு சுற்றுக்கு உருளை ஆறு சுற்றுச் சுற்றும் வேகமான ரீலைவிட, நாலு சுற்றுச் சுற்றும் மந்தமான ரீல் இவ்வேலைக்கு உகந்தது என்பதை என் மணிக்கட்டே உணர்த்தியது. துடுப்புப் போடுகிற நேரத்தில் கோல் கால்மாட்டில் கிடக்கும். அப்போது உருளையைத் தளரவிட்டு, கிளிக்கர் என்னும் கிறீச்சொலிப் பற்களை மாட்டிவிட்டால், மீன் கவ்வியதைச் செவி அறிவிக்கும். இந்தச் சிறு வசதி இல்லாத ரீலை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். நரம்பை இருபுறமும் சீராகப் பரப்பும் வழிகாட்டியைப் பற்றிக் கடைக்காரருக்கும் எனக்கும் கருத்து வேற்றுமை உண்டு. மணல் புகுந்து முதலில் பழுதாவது அதுதான் என்று அவர் அதனை வெறுக்கிறார். ஒரு கை துடுப்பில் இருக்கையில் மறு கைக்கு அது பெருந்துணை என்பது என் எண்ணம்.

மறுபடி கடைக்கு வந்தபோது டிராக் வைக்கும் முறையை அவர் செய்து காட்டினார். வில்தராசைக் கதவுக் கொக்கியில் மாட்டி, நரம்பு நுனியை அதில் கட்டி, கோலை வளைத்து இழுத்து, உருளை வழுக்கத் தொடங்கும் எடையைப் பார்த்துத் திருகினார்: 8 கிலோ தாங்கும் நரம்புக்கு 2 கிலோ. கால் பங்கு போதுமா என்ற என் சந்தேகத்துக்கு அவர் சொன்ன காரணம் மிக நுட்பமானது. மீன் ஓட ஓட உருளையில் சுற்று குறைகிறது. சுற்றின் குறுக்களவு பாதியாகும்போது, திருகைத் தொடாமலே, 2 கிலோ இழுவை 4 கிலோவாகி நிற்கும். நீரில் இழுபடும் நரம்பின் எதிர்ப்பு வேறு. முழு உருளையில் பாதி வலிமைக்கு முடுக்கி வைத்தவனுக்கு, மீன் தூரத்தில் இருக்கையில் நரம்பு அறுவதன் மர்மம் இதுவே.

பின்னல் நூல் சுற்றுகிறவர்கள் அடியில் சில சுற்றுத் தங்கூசி சுற்றிக்கொள்ள வேண்டும், இல்லையேல் வழவழப்பான உருளைமேல் நூற்கட்டு முழுதும் வழுக்கிச் சுழலும் என்றும் அவர் சொன்னார். பிறகு, நான் வாங்க எண்ணியிருந்த ரீலின் பக்கத் தகட்டைத் திருப்பிப் பார்த்து, திருகாணிகள் சாதாரணத் திருப்புளியால் கழலக் கூடியவைதாமா, வட்டுகள் தனியே கிடைக்குமா என்று விசாரித்தார். இரண்டுக்கும் ஆம் என்றதும் தலையசைத்து, வீடு திரும்பியதும் நட்சத்திரத் திருகை முழுக்கத் தளர்த்தி வைக்கும்படியும், முடுக்கிய நிலையில் மாதக்கணக்கில் வைத்தால் வட்டுகள் அமுங்கி ஒட்டிக்கொள்ளும் என்றும் சொல்லிவிட்டு, காத்திருந்த விவசாயியின் மோட்டாரைத் தூக்கி மேசைமேல் வைத்தார்.