டிஸ்சார்ஜ் ஆயிட்டா குணமாயிடுச்சுன்னு அர்த்தமில்ல (நீண்ட இழை)

1/
"டிஸ்சார்ஜ் பண்ணிட்டாங்க டாக்டர், இனிமே பயமில்லைல்ல?"

வாரத்துக்கு நாலு பேராவது கேட்கிற கேள்வி இது. டிஸ்சார்ஜ் என்றால் இனி ஆஸ்பத்திரி கட்டில் தேவையில்லை என்று மட்டும்தான் அர்த்தம். இனி யாருமே தேவையில்லை என்று அர்த்தமில்லை.

2/
வயசானவங்களுக்கு இடுப்பு எலும்பு முறிவு ஆபரேஷன், பக்கவாதம், ஐசியூவில் பல நாள் கிடந்த நிமோனியா. இதுக்கெல்லாம் அப்புறம் வர்ற முதல் சில வாரங்கள்தான் அவங்க எழுந்து நடப்பாங்களா, படுத்த படுக்கை ஆவாங்களான்னு பெரும்பாலும் தீர்மானிக்குது.

3/
சில நாடுகளில் இந்த இடைக்காலத்துக்குன்னே தனி ஏற்பாடு இருக்கு. அமெரிக்காவில் 65 வயசு தாண்டியவங்களுக்கான மெடிகேர், குறைஞ்சது 3 நாள் ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆகியிருந்து, தொடர்ந்து நர்ஸிங்கோ பிசியோவோ தேவைப்பட்டா, அதுக்கான மையத்தில் 100 நாள் வரை செலவை ஏற்கும். முதல் 20 நாள் முழுசா. அப்புறம் தினமும் ஒரு பங்கை நோயாளி கட்டணும். ஜப்பானில் 2000இல் இருந்து மறுவாழ்வு சிகிச்சைக்குத் தனி வார்டுகள் இருக்கு.

4/
நம்ம ஊர்ல? பெரிய நகரங்களில் தனியார் மையங்கள் வந்திருக்கு. தினக் கட்டணத்தைக் கேட்டதுமே பாதிப் பேர் எழுந்து போயிடுவாங்க.

அதனால இங்கே அந்த மையம் என்பது வீட்டுக் கூடம்தான். அந்த நர்ஸ் பெரும்பாலும் மனைவி, மகள், இல்லேன்னா மருமகள். பயிற்சி? பூஜ்ஜியம்.

5/
நான் பார்த்த ரெண்டு பாட்டிகள். ரெண்டு பேருக்கும் 70க்கு மேல். ரெண்டு பேரும் பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிஞ்சவங்க. ரெண்டு பேருக்கும் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சது.

6/
முதல் பாட்டிக்கு வேறொரு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன். டிஸ்சார்ஜ் சீட்டில் மாத்திரைப் பேர் இருந்தது. கீழே "பிசியோ" என்று ஒரே ஒரு வார்த்தை. என்ன, எப்போ, யார் செய்யணும்? எதுவும் இல்லை.

நடந்தா கம்பி உடைஞ்சிடுமோன்னு பிள்ளைகளுக்குப் பயம். "அம்மா ரெஸ்ட் எடுக்கட்டும்"னு அசைய விடாமல் பார்த்துக்கிட்டாங்க. சாப்பாடு கூட படுத்த நிலையில ஊட்டி விட்டாங்க. அத்தனை பாசம்.

7/
மூணு வாரம் கழிச்சு எங்கிட்ட வந்தப்போ முதுகுக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குப் படுக்கைப் புண். நெஞ்சு முழுக்கச் சளி. அவங்க வீட்டுக்குத் திரும்பல.

மகன் கேட்டார்: "நாங்க என்ன டாக்டர் குறை வெச்சோம்?"

ஒரு குறையும் வைக்கல. அவங்களுக்கு யாரும் சொல்லித் தரல. அவ்வளவுதான்.

8/
ரெண்டாவது பாட்டியின் மகள் ஜவுளிக்கடையில் வேலை பார்ப்பவர். எங்க வார்டு சிஸ்டர் டிஸ்சார்ஜுக்கு முன்னாடி ரெண்டு நாள் மதியம் அவரைப் பக்கத்தில் நிக்க வெச்சாங்க. செஞ்சு காட்டினதோட விடல. "இப்போ நீ செய்மா, நான் பாக்கறேன்"னாங்க.

புரட்டிப் படுக்க வைக்க, உட்கார வைக்க, வாக்கர் பிடிச்சு நிக்க வைக்க. எல்லாம் அந்தப் பொண்ணு கையாலேயே. ரெண்டு மாசம் கழிச்சு பாட்டி ஓபிக்கு வாக்கரோட நடந்து வந்தாங்க. "இவ என்னை ஒரு நாள் கூட சும்மா விடல"ன்னு புகார் வேற!

9/
படுத்தே இருந்தா என்ன ஆகும்? தசை வேகமா கரையும். காலில் ரத்தம் உறையும், அது நுரையீரலுக்குப் போனா உயிருக்கே ஆபத்து. சளி தேங்கி நிமோனியா வரும். தோல் அழுந்திப் புண்ணாகும்.

அதனாலதான் இந்த ஆபரேஷனுக்கு அடுத்த நாளே பெரும்பாலானவங்களை எழுப்பி நிக்க வைக்கிறோம். எவ்வளவு எடை ஊன்றலாம் என்பதை மட்டும் ஆபரேஷன் செய்த டாக்டரிடம் கேட்டுக்கோங்க.

10/
வீட்டுக்குக் கிளம்பும் முன் கத்துக்க வேண்டியவை:

• தானா புரள முடியாதவங்களை 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டணும். முதுகின் அடிப்பகுதி, குதிகால், இடுப்பின் பக்கவாட்டை தினமும் பாருங்க. சிவந்த இடத்தை அழுத்தினால் சிவப்பு மறையலையா? புண் ஆரம்பம்.
• நிமிர்ந்து உட்கார வெச்சு சாப்பாடு. சாப்பிட்டு அரை மணி நேரம் உட்கார்ந்தே இருக்கட்டும்.
• யூரின் பை எப்பவும் இடுப்புக்குக் கீழே.
• பழைய மாத்திரை எது தொடரணும், எது நிறுத்தணும்னு எழுதி வாங்குங்க. பேர் வேறா இருந்தாலும் ஒரே மருந்தா இருக்கலாம்.

11/
பக்கவாதம்னா கூடுதலா ரெண்டு. செயலிழந்த கையைப் பிடிச்சு இழுத்துத் தூக்காதீங்க, தோள்பட்டை இறங்கிடும். தண்ணி குடிக்கும்போது இருமினா வாய்வழியா கொடுப்பதை நிறுத்திட்டு டாக்டரிடம் சொல்லுங்க. முதல் 3 மாசத்தில்தான் முன்னேற்றம் வேகமா இருக்கும். அந்த நாட்களை வீணாக்காதீங்க.

12/
ஒரு பக்கக் கால் மட்டும் வீக்கம், திடீர் மூச்சுத்திணறல், காய்ச்சல், குழப்பமான பேச்சு, தையல் இடத்தில் சீழ். இதில் எது வந்தாலும் அடுத்த ரிவியூ தேதிக்குக் காத்திருக்க வேண்டாம். மூச்சுத்திணறல்னா உடனே 108.

13/
தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட்டில் தொடங்கின "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபியும் வலி நிவாரண சிகிச்சையும் தர்றாங்க. இலவசம். உங்க ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பேர் கொடுங்க. நிறைய பேருக்கு இது சுகர், பிரஷர் மாத்திரைத் திட்டமா மட்டும்தான் தெரியும்.

14/
கடைசியா, பார்த்துக்கிறவங்களைப் பத்தி. அந்த ஜவுளிக்கடைப் பொண்ணு ரெண்டு மாசம் சம்பளமில்லாம இருந்தாங்க. அண்ணன்கள் ரெண்டு பேர் தினமும் போனில் விசாரிச்சாங்க. போன் விசாரிப்பு பாட்டியைப் புரட்டிப் போடாது. ராத்திரி ஒரு முறையாவது முறை மாத்திக்கோங்க. முடியலேன்னா அவங்க இழந்த சம்பளத்தைப் பங்கு போடுங்க.

உங்க வீட்டில் யாராவது ஆஸ்பத்திரியில் இருந்தா, பில் கட்டும் முன் சிஸ்டரிடம் இதை மட்டும் கேளுங்க: "நான் செஞ்சு காட்டறேன், சரியான்னு பாருங்க சிஸ்டர்."