அந்தப் பாதையில் இருக்க வாங்கு உண்டா?

முறைப்பாடு எழுதுவது எங்கள் வீட்டுப் பழக்கமில்லை. யாழ்ப்பாணத்தில் நான் வளர்ந்த காலத்தில், ஒரு தாளில் பெயரும் விலாசமும் எழுதி ஓர் அலுவலகத்தில் கொடுப்பதென்றால் வீட்டில் எல்லோரும் யோசிப்பார்கள். அந்தத் தாள் யார் கைக்குப் போகும், நாளைக்கு யார் படலையைத் தட்டுவார்கள் என்று சொல்ல முடியாத காலம். கனடாவுக்கு வந்து ரொறன்ரோவின் ஸ்காபரோவில் குடியேறிய பிறகும் அந்தப் பயம் என்னை விட்டுப் போகவில்லை. கூடவே, அடைக்கலம் தந்த நாட்டில் குறை சொல்லக்கூடாது என்ற நன்றியும் இருந்தது. பயமும் நன்றியும் சேர்ந்தால் வாய் திறக்காது. அப்படிப்பட்ட நான், பூங்காக்களையும் நடைபாதைகளையும் தேடித் தரும் ஒரு கைபேசிச் செயலிக்குக் கருத்து எழுத ஆரம்பித்தது என் மாமியால்.

மாமிக்கு முழங்கால் சத்திரசிகிச்சை நடந்திருந்தது. ஒவ்வொரு நாளும் நடக்கவேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். வீட்டைச் சுற்றியுள்ள தெருக்களில் நடந்து அவருக்கு அலுத்துவிட்டது. மரம் வேண்டும், பறவை வேண்டும் என்றார். ரொறன்ரோ பள்ளத்தாக்குகளின் நகரம். பெருந்தெருவிலிருந்து சில நிமிடம் இறங்கினால் ஓடையும் மேப்பிள் மரமும் மானும் இருக்கும். நான் செயலியைத் திறந்து, பஸ்ஸில் போய்ச் சேரக்கூடிய ஒரு பாதையைத் தேர்ந்தேன். ‘இலகு’ என்று போட்டிருந்தது. ஐந்துக்கு ஐந்தை நெருங்கிய நட்சத்திரங்கள். பாதையின் நடுவில், சரிவில் மரக்கட்டை பதித்த படிகள் இருந்தன. கைபிடி இல்லை. மாமி அதைக் கீழேயிருந்து கொஞ்ச நேரம் பார்த்தார்.

“பிள்ளை, உந்தப் படியைப் பற்றி அதிலை போடேல்லையோ? இருக்கிறதுக்கு ஒரு வாங்கு கூட இல்லை. நாங்கள் திரும்புவம்.”

திரும்பி வந்தோம். அன்று இரவு நட்சத்திரங்களை மறுபடி பார்த்தபோது எனக்கு ஒன்று உறைத்தது. அந்த மதிப்பெண்களைப் போட்டவர்கள் பாதையை நடந்து முடித்தவர்கள். படியைப் பார்த்துத் திரும்பிய மாமியைப் போன்றவர்கள் எதுவும் எழுதுவதில்லை. தங்கள் முழங்காலைத்தான் குறை சொல்லிக்கொள்வார்கள், வேறு எங்கும் போகாமல் வீட்டில் இருந்துவிடுவார்கள். ஆகவே சராசரி எப்போதும் உயரமாகவே இருக்கும். ஒரு பாதையைப் பற்றி அதிகம் தெரிந்திருக்கவேண்டிய செயலிக்கு, அந்தப் பாதை யாரைத் திருப்பி அனுப்புகிறது என்பது மட்டும் தெரியாது.

‘இலகு’ என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தேன். பல செயலிகள் பாதையின் நீளத்தையும் ஏற்றத்தையும் வைத்துத்தான் கடினத்தைக் கணிக்கின்றன. இதன் மூதாதை 1892-இல் ஸ்கொட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் சொன்ன கணக்கு: மூன்று மைலுக்கு ஒரு மணிநேரம், அதோடு 2,000 அடி ஏற்றத்துக்கு இன்னொரு மணிநேரம். திடகாத்திரமான ஒருவர் நல்ல காலநிலையில் மலை ஏறுவதற்கான கணக்கு அது. முழங்காலும் பனிக்கட்டியும் அதில் இல்லை. ஏற்றத்தின் அளவு வரும் வழியும் தெரியவேண்டியது. 2000-ஆம் ஆண்டு பெப்ரவரியில் அமெரிக்காவின் எண்டெவர் விண்ணோடம் பூமியின் நிலப்பரப்பில் பெரும்பகுதியை ரேடாரால் அளந்தது. அந்த உயர அளவுகள் ஏறத்தாழ 30 மீற்றருக்கு ஒரு புள்ளி என்ற கணக்கில் இன்றும் பல வரைபடங்களுக்கு அடிப்படையாக இருக்கின்றன. 30 மீற்றர் கட்டத்துக்குள் கிடக்கும் ஒரு செங்குத்தான படிவரிசை அந்த அளவில் மென்மையான சரிவாகிவிடும். விண்ணிலிருந்து மாமியின் படி தெரிய வழியில்லை. அதன் முன் நின்ற ஒருவர் சொன்னால்தான் உண்டு.

இதைப் படித்த பிறகுதான் என் பயம் இளகியது. கருத்து எழுதுவது குற்றச்சாட்டு அல்ல, சாட்சி சொல்வது என்று எனக்குப் பட்டது. முதலில் எழுதியது, “படி அதிகம், முதியவர்களுக்குச் சிரமம்” என்ற அளவில்தான். செயலியைச் செய்தவர்களிடமிருந்து பதில் வந்தது. எந்த முனையிலிருந்து நடந்தீர்கள், எத்தனை படி, கைபிடி ஒரு பக்கமாவது உண்டா, தரை என்ன, எந்த மாதம் என்று கேட்டிருந்தார்கள். கேள்விகளின் பொறுமை என்னைத் தொட்டது. மறுபடி போய், எண்ணி, படம் பிடித்து அனுப்பினேன். சில வாரங்களில் அந்தப் பக்கத்தில் படி பற்றிய குறிப்பு வந்தது. மாமிக்குக் காட்டினேன். “இனி வாற ஆக்களுக்கு உதவும்” என்றார். அவருக்கு அது போதும்.

அந்தச் செயலியின் வரைபடம் ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பிலிருந்து எடுக்கப்பட்டது என்று அந்தப் பதிலில்தான் அறிந்தேன். 2004-இல் இங்கிலாந்தில் தொடங்கிய இந்த வரைபடத்தை உலகெங்கும் தன்னார்வலர்கள் வரைகிறார்கள். கணக்குத் திறந்த எவரும் திருத்தலாம். பாதை, படி, தரை எல்லாவற்றுக்கும் அதில் குறியீடுகள் உண்டு. படியின் எண்ணிக்கையையும் கைபிடியையும் பதியலாம். வாங்குக்குக் குறியீடு உண்டு. அந்த வாங்குக்குச் சாய்வு இருக்கிறதா இல்லையா என்பதற்கும் தனியாக உண்டு! இதைக் கண்டபோது எனக்குக் கண் கலங்கியது. முதுகு வலிக்கிற யாரோ ஒருவரை நினைத்துத்தான் எவரோ அதைச் சேர்த்திருக்கவேண்டும். அங்கே திருத்தியது பல செயலிகளுக்குப் போய்ச் சேரும், ஒவ்வொன்றும் தன் பிரதியைப் புதுப்பிக்கும் வேளையில்.

இந்த வேலை ஏன் அவசரம் என்பதற்கு இந்த நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. வன்கூவருக்கு வடக்கே ஃப்ரொம் மலையில், கூகுள் வரைபடத்தில் இருந்த ஒரு பாதையை நம்பிப் போனவர்கள் செங்குத்தான இடத்தில் சிக்கிக்கொண்டார்கள். உண்மையில் அங்கே பாதையே இல்லை. 2023 நவம்பரில் நோர்த் ஷோர் மீட்புக் குழு பகிரங்கமாக எச்சரித்தது. பிறகு அந்தக் கோடு வரைபடத்திலிருந்து நீக்கப்பட்டது. முதலில் அங்கே போய்ப் பாதை இல்லையென்று கண்டு பத்திரமாகத் திரும்பியவர் யாராவது இருந்திருந்தால், அவர் எழுதிய இரண்டு வரி ஹெலிகொப்டருக்கு முன்பே போய்ச் சேர்ந்திருக்கும்.

பாதைகள் நிலையானவை என்று நாம் நினைக்கிறோம். நயாகராவின் குயின்ஸ்டனிலிருந்து டோபமோரி வரை ஏறத்தாழ 900 கிலோமீற்றர் ஓடும் புரூஸ் பாதை 1967-இல் திறக்கப்பட்டது. அதன் பல பகுதிகள் தனியாருடைய காணிகளுக்குள்ளால், அவர்கள் தரும் அனுமதியில் போகின்றன. காணி கைமாறினால், சொந்தக்காரர் மனம் மாறினால், பாதையும் விலகிவிடும். மரத்தில் வெள்ளைப் பட்டை தெரிந்தால் பிரதான பாதை, நீலம் என்றால் கிளைப்பாதை, ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு வெள்ளைப் பட்டை என்றால் திருப்பம். கைபேசி ஒரு திசையையும் மரம் இன்னொரு திசையையும் காட்டும்போது நான் மரத்தைத்தான் நம்புவேன். பட்டையை ஒருவர் அந்த இடத்துக்கு வந்து, பார்த்து, பூசியிருக்கிறார். அந்த முரண்பாட்டை எழுதி அனுப்புவதுதான் நாம் செய்யக்கூடிய உதவி.

பருவமும் அப்படித்தான். யூலையில் எழுதிய “அருமையான பாதை” பெப்ரவரியில் ஒருவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பக்கூடும். பல காட்டுப்பாதைகளில் பனி அகற்றப்படுவதில்லை. மேலே உருகி, இரவில் உறைந்து, கண்ணாடி மாதிரிக் கிடக்கும். குளிர்காலத்தில் பூங்கா மலசலகூடங்கள் பலவற்றைப் பூட்டிவிடுவார்கள். எந்த மாதத்தில் நடந்தோம் என்று எழுதாத கருத்தை நான் இப்போது நம்புவதில்லை.

மாமியின் சிநேகிதிகளுக்கு விசயம் தெரிந்ததும் என் தொலைபேசி ஓயவில்லை. அவர்கள் தமிழில் சொல்வார்கள், நான் ஆங்கிலத்தில் எழுதி அனுப்புவேன். அவர்களுடைய கேள்விகள் எனக்குப் பெரிய படிப்பு. பஸ் நிற்கும் இடத்திலிருந்து பாதை தொடங்கும் இடம் எவ்வளவு தூரம்? கார் நிறுத்துமிடம் வரைபடத்தில் பெரிதாக இருக்கும், பஸ் தரிப்பிடம் இருக்காது. நிழல் உண்டா? டொன் பள்ளத்தாக்கிலிருந்து ரூஜ் தேசிய நகரப் பூங்கா வரை மின்கம்பித் தடத்தின் கீழே 16 கிலோமீற்றருக்கு மெடோவே என்ற பசுமைத் தடத்தை அமைத்து வருகிறார்கள். அதில் தார் போட்ட சமதரை முழங்காலுக்கு மிகவும் நல்லது. ஆனால் உயர் மின்கம்பிகளின் கீழ் பெரிய மரம் இல்லாததால் வெயில் நேரே தலையில் இறங்கும். செயலியில் இந்த இரண்டில் ஒன்றுதான் இருக்கும். இன்னும் கேட்பார்கள்: உண்ணி கடிக்குமா, கைபேசிக்குச் சிக்னல் கிடைக்குமா, விழுந்தால் எந்த இடம் என்று அம்புலன்சுக்கு எப்படிச் சொல்வது, நாய்களை அவிழ்த்துவிடுவார்களா? வன்னியில் காடு வழியாக உயிர் தப்பி வந்த ஒருவர் கேட்டது, பாதையிலிருந்து வெளியே வர எத்தனை வழி என்று. நான் அதையும் எழுதி அனுப்பினேன். வெளியேறும் இடங்கள் ஒரு பாதையின் மிக அவசியமான செய்தி என்று இன்றைக்கும் சொல்வேன்.

இவை சலுகை கேட்கும் கேள்விகள் அல்ல. ஒன்ராறியோவில் 2005-இல் வந்த, மாற்றுத்திறனாளிகளுக்கான அணுகல் சட்டத்தின் கீழான விதிகள், புதிதாக அமைக்கும் அல்லது திருத்தியமைக்கும் பொழுதுபோக்கு நடைபாதைகளின் தொடக்கத்தில் பலகை வைக்கச் சொல்கின்றன. பாதையின் நீளம், தரையின் வகை, சராசரி அகலமும் ஆகக் குறைந்த அகலமும், சராசரிச் சரிவும் ஆகக் கூடிய சரிவும், வசதிகள் எங்கே இருக்கின்றன என்பவை அதில் இருக்கவேண்டும். ஆழ்ந்த காட்டுப் பாதைகளுக்கு இது பொருந்தாது. ஆனால் பலகையில் இருக்கவேண்டியது என்று சட்டம் சொன்னதைச் செயலியும் காட்டவேண்டும் என்பது என் கோரிக்கை. பலகையைப் பார்க்க அங்கே போகவேண்டும். மாமிக்கு வீட்டிலேயே தெரியவேண்டும்.

ரூஜைப் பற்றிச் சொல்லாமல் விட மனமில்லை. ரூஜ் தேசிய நகரப் பூங்கா 2015-இல் சட்டப்படி நிறுவப்பட்டது. கனடாவில் அவ்வகையில் முதலாவது. 79 சதுர கிலோமீற்றர், ரொறன்ரோ, மார்க்கம், பிக்கரிங், அக்ஸ்பிரிட்ஜ் என நான்கு நகராட்சிகளைத் தொடுகிறது. நுழைவுக் கட்டணம் இல்லை. பழைய மரம் வெட்டும் தடத்தில் போகும் மாஸ்ட் பாதை அதில் இருக்கிறது, பதினேழாம் நூற்றாண்டில் செனெக்கா பூர்வகுடி மக்கள் வாழ்ந்த பீட் ஹில் இருக்கிறது. தமிழர் செறிந்து வாழும் ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் இருந்து பக்கம். இருந்தும் அங்கே எங்கள் முதியவர்களை நான் குறைவாகத்தான் காண்கிறேன். போகத் தெரியாததால் அல்ல, போனால் என்ன இருக்கும் என்று தெரியாததால்.

எழுதுபவர்களுக்கு ஒரு சிறு வழிகாட்டல். பாதை பழுதாக இருந்தால், படி உடைந்திருந்தால், மரம் விழுந்திருந்தால், அதைச் செயலிக்கு மட்டும் சொல்லி விடாதீர்கள். அதைத் திருத்தக்கூடியவர் நிலத்துக்குப் பொறுப்பானவர். ரொறன்ரோ நகரப் பூங்கா என்றால் 311 என்ற தொலைபேசி இலக்கம், ரூஜ் என்றால் பார்க்ஸ் கனடா. பாதை நன்றாக இருந்து வரைபடம் பிழையென்றால் செயலிக்கோ ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்புக்கோ எழுதுங்கள். திகதி, நடந்த திசை, இடம், கண்ணால் கண்டது, ஒரு படம். எவரையும் ஏசத் தேவையில்லை. நட்சத்திரம் போடுவதை விட இது பெறுமதி.

மென்பொருள் துறையில் இருக்கும் எங்கள் பிள்ளைகளிடம் ஒன்று கேட்கிறேன். கருத்துப் பெட்டியைத் தமிழிலும் திறந்து வையுங்கள். குரலில் சொன்னாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். பாதையை முடிக்காமல் திரும்பியவருக்கென்று ஒரு பொத்தான் வையுங்கள், ஏன் திரும்பினீர்கள் என்று கேளுங்கள். வாசிக்கிறவர்களிடமும் ஒன்று: இந்த வார இறுதியில் உங்கள் வீட்டுப் பெரியவரோடு ஒரு பாதைக்குப் போங்கள். அவர் எங்கே நின்றார், எங்கே இருக்க இடம் தேடினார் என்பதைப் பார்த்து, வீட்டுக்கு வந்ததும் எழுதி அனுப்புங்கள்.