பின்னால் வரும் சுமை

வண்டி ஓட்டத் தெரிந்தவர் யார்? விரைவாகச் செலுத்துகிறவரா, வேண்டிய இடத்தில் நிறுத்துகிறவரா? மலைச் சாலையில் பழைய ஜீப் ஓட்டிப் பழகிய எனக்கு, இரண்டாமவரிடமே மதிப்பு அதிகம்.

பிரேக்கை ஓங்கி மிதித்தால் சக்கரம் சுழல்வதை விட்டு இறுகிவிடும். இறுகிய சக்கரம் சறுக்கும். சறுக்கும் சக்கரம் ஸ்டியரிங்குக்குக் கட்டுப்படாது. இதைத் தடுப்பதே ஏ.பி.எஸ். என்னும் அமைப்பு. சக்கரம் இறுகப் போவதை உணர்கருவி கண்டறிந்ததும், பிரேக்கின் அழுத்தம் நொடிக்குப் பலமுறை தளர்ந்து மீண்டும் இறுகுகிறது. 1978-இல் பாஷ் நிறுவனத்தின் மின்னணு ஏ.பி.எஸ். மெர்சிடிஸ் பென்ஸ் கார்களில் வந்தது. நம் நாட்டில் 2019 ஏப்ரல் முதல் புதிய கார்களுக்கு அது கட்டாயமாயிற்று.

அது வண்டியை எப்போதும் விரைவில் நிறுத்திவிடும் என்று பலர் எண்ணுகின்றனர். அப்படியன்று. உதிரிச் சரளையில் நிற்கும் தூரம் கூடவும் கூடும். பிரேக்கை மிதித்துக்கொண்டே வண்டியைத் திருப்ப இயலும் என்பதே அதன் பெரும்பயன்.

டிரெய்லரை இழுக்கும்போது இப்பயன் இன்னும் தெளிவாகும். தனக்கெனப் பிரேக் இல்லாத டிரெய்லர், இறக்கத்தில் முன்வண்டியைத் தள்ளுகிறது. அவ்வேளையில் முன்வண்டியின் பின்சக்கரங்கள் இறுகினால், இரண்டும் பேனாக்கத்தி மடிவதுபோல் மடங்கிவிடும். ஏ.பி.எஸ். அச்சக்கரங்களை உருளவைத்து அந்த ஆபத்தைக் குறைக்கிறது. ஆனால் டிரெய்லரின் பாரத்தை அது குறைப்பதில்லை.

பழைய ஜீப்பில் இந்தக் காவல் இல்லை. அந்த வண்டிக்கென்றே வடிவமைக்க வேண்டிய அமைப்பாதலால், பின்னர் வாங்கிப் பொருத்துவதும் எளிதன்று. ஆகவே ஓட்டுநரின் காலும் கண்ணுமே அவ்வேலையைச் செய்தாக வேண்டும். இறக்கம் தொடங்குமுன்னே கியரைக் குறைத்தல், வளைவுக்குள் நுழையுமுன்னே வேகத்தைத் தணித்தல், முன்செல்லும் வண்டிக்கு இடம் விடுதல் ஆகியவை வேண்டும். வேகம் இருமடங்கானால், பிரேக் பிடித்தபின் வண்டி ஓடும் தூரம் ஏறத்தாழ நான்கு மடங்காகும் என்பதை மறத்தலாகாது.

கொல்லிமலைச் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். திருவிழா ஜெனரேட்டரை டிரெய்லரில் ஏற்றி, அதே ஜீப்பில் பிள்ளைகளையும் அமர்த்தி இறங்கி வருவது எங்களிடையே வழக்கமாக இருந்தது. "இத்தனை வருசமா ஒண்ணும் ஆகலையே சாமி" என்றனர் விழாக் குழுவினர். ஒன்றும் நேராதது ஓட்டுநரின் திறமை. அத்திறமைக்கும் ஓர் எல்லை உண்டு. மழை நனைத்த ஒரு வளைவில், எதிரே ஒரு பேருந்து வந்தால், அந்த எல்லை எவ்வளவு தூரத்தில் இருக்கும்?

இவ்வாண்டு ஜெனரேட்டரை வாடகைச் சிற்றுந்து லாரியில் ஏற்றி அனுப்ப முடிவு செய்தோம். வாடகைக்காக வாணவேடிக்கையைக் குறைக்க வேண்டியதாயிற்று. சிலருக்கு அதில் மனக்குறைதான். ஆயினும் ஜீப்பின் பின்னால் இனிப் பாரம் இல்லை. உள்ளே பிள்ளைகள் மட்டுமே.