மிடி

மிடி என்றால் தமிழில் வறுமை. நான் படித்த பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் மிடி என்றால் நண்பகல். தெற்குத் திசைக்கும் அதே சொல்தான். மூன்றாவதாக ஒரு மிடி இருப்பது என் தம்பி மகன் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. மியூசிக்கல் இன்ஸ்ட்ருமென்ட் டிஜிட்டல் இன்டர்ஃபேஸ் என்பதன் சுருக்கமாம். கீபோர்டு, டிரம் மெஷின், கணினி எல்லாம் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதற்கான பொது ஏற்பாடு.

1980 வாக்கில் மின்னணு இசைக்கருவி செய்த கம்பெனிகள் ஆளுக்கொரு வழி வைத்திருந்தன. ஒருவர் கருவியை மற்றவர் கருவியோடு இணைப்பது பெரும்பாடு. அமெரிக்காவில் சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸ் நடத்திய டேவ் ஸ்மித்தும், ஜப்பானில் ரோலண்ட் நிறுவனத்தைத் தொடங்கிய இகுதாரோ ககேஹாஷியும் இதற்கு முடிவு கட்ட முனைந்தார்கள். யமஹா, கோர்க், கவாய் ஆகிய போட்டிக் கம்பெனிகளும் சேர்ந்துகொண்டன. 1983 ஜனவரியில் கலிபோர்னியாவில் ஒரு வர்த்தகக் கண்காட்சியில் ஸ்மித்தின் புராஃபெட் 600-ஐயும் ரோலண்டின் ஜூபிடர் 6-ஐயும் ஒரு கேபிளால் இணைத்தார்கள். ஒன்றில் கட்டையை அழுத்த, மற்றது ஒலித்தது. இந்த ஏற்பாட்டுக்கு யாரும் உரிமைத்தொகை கேட்கவில்லை. இரண்டு இலாகாக்களை ஒரே படிவத்துக்குச் சம்மதிக்க வைப்பதற்குள் ஒரு குமாஸ்தா பென்ஷனே வாங்கிவிடுவான். அதை அறிந்த எனக்கு இது சாதாரண விஷயமாகப் படவில்லை. 2013-ல் இருவருக்கும் டெக்னிக்கல் கிராமி விருது கொடுத்தார்கள்.

அந்தக் கேபிளில் இசைதான் போகிறது என்று நானும் நீங்களும் நினைப்போம். இசை போகவில்லை. போவது ஒரு குறிப்பு, ஆபீஸ் மெமோ மாதிரி. அதில் மூன்றே விவரங்கள். முதலாவது, எந்தச் சானலில் கட்டை அழுத்தப்பட்டது என்பது. மொத்தம் 16 சானல்கள். இரண்டாவது, எந்தக் கட்டை. மூன்றாவது, அது எவ்வளவு வேகமாக இறங்கியது. கையை எடுத்தால் இன்னொரு மெமோ. வினாடிக்கு 31,250 பிட் வேகம் என்பதால் ஒரு மெமோ போய்ச்சேர வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஆகும். அதைப் படித்து ஒலி எழுப்புவது வாங்கிக்கொள்ளும் கருவியின் வேலை. பியானோவாகவும் ஒலிக்கலாம், புல்லாங்குழலாகவும் ஒலிக்கலாம்.

பள்ளியில் நாங்கள் 'தோ' என்று பாடியதை ஆங்கிலப் பள்ளிக்காரர்கள் 'சி' என்பார்கள். மிடியில் நடு ஸ்தாயி தோவுக்கு 60 என்று பெயர், அவ்வளவுதான். 0 முதல் 127 வரை எண்கள். வேகத்துக்கும் அப்படியே. ஒரே ஆளின் பெயரை பிரெஞ்சுப் பதிவேட்டில் ஒருவிதமாகவும் ஆங்கிலக் கோப்பில் வேறுவிதமாகவும் பார்த்துப் பார்த்துக் கண் பூத்தவன் நான். எண் கொடுத்தவனைக் கும்பிடத் தோன்றுகிறது.

இதையெல்லாம் தெரிந்துகொள்ள வேண்டி வந்தது தம்பியால். அவன் கோயிலில் பாடற்குழுவுக்கு வாசித்தவன். பாரீசிலிருந்து மச்சான் கொண்டுவந்த கீபோர்டு ஒன்று அவனிடம் இருந்தது. வாசித்ததை ஃபிளாப்பியில் பதிந்துகொள்ளும். தம்பி போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. கீபோர்டு அதற்கு முன்பே பழைய சாமான்காரனிடம் போய்விட்டது. ஃபிளாப்பி மட்டும் ஜெபப் புத்தகங்களுக்கு நடுவே கிடந்தது.

அவன் மகன் எங்கிருந்தோ ஃபிளாப்பி படிக்கும் கருவி ஒன்றை வாங்கி வந்து கணினியில் செருகினான். ஓடியது. சத்தம் தம்பியின் கீபோர்டு சத்தம் இல்லை. என்னவோ ஒரு பியானோ. ஆனால் வாசிப்பது அவன்தான். இடது கை எப்போதும் ஒரு மயிரிழை முந்தும். அம்மா காலத்திலிருந்தே எங்கள் வீட்டில் அதற்குத் திட்டு வாங்கியிருக்கிறான்.

மகன் திரையில் எண்களை விரித்துக் காட்டினான். மற்றக் கட்டைகள் எண்பது, தொண்ணூறு என்று இருக்க, இடையிடையே நாற்பது சொச்சம். சின்ன வயதில் சைக்கிள் செயினில் தம்பியின் வலதுகை மோதிர விரல் மாட்டி நசுங்கியது. அந்த விரலுக்கு வந்த கட்டைகள் அவை. எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. போட்டோவில்கூட அந்த விரல் தெரியாது.

"பெரியப்பா, இதையெல்லாம் ஒரே பட்டனில் சரி பண்ணிடலாம். தாளமும் சுத்தமாயிடும்" என்றான். மகளின் கல்யாணப் பூசையில் அப்பா வாசித்ததையே போடப்போகிறானாம். வந்தவர்கள் காதில் பிசிறு விழக்கூடாதாம். அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அந்தப் பெண் தாத்தாவைப் பார்த்த நினைவே இல்லாதவள்.

பூசை மே மாதம். ஆர்கன் சத்தம் வைப்பதோ பியானோ வைப்பதோ அவன் இஷ்டம் என்று விட்டுவிட்டேன். "எண்ணில் மட்டும் கை வைக்காதேப்பா" என்று சொல்லியிருக்கிறேன். சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.