தரைக்குக் கீழே பாடும் ஊர்

டோக்கியோவின் ஷிபுயாவில் 140 யென் டிக்கெட் எடுத்து இனோகஷிரா லைன் எக்ஸ்பிரஸில் ஏறினால் முதல் நிறுத்தமே ஷிமோகிதாசாவா. ஐந்து நிமிடம்கூட ஆகாது. வெளியே வந்ததும் கார் நுழையத் தயங்கும் சந்துகள், வாசல்வரை தொங்கும் பழைய துணிகள், எங்கிருந்தோ வரும் கறிக் குழம்பு வாசனை. எதிரே வருகிற இளைஞர்களில் பலர் முதுகில் கித்தார்ப் பை. ஒடக்யூ ரயில் பாதை 2013-ல்தான் இங்கே தரைக்கடியில் போனது. ராக் இசை அதற்கு வெகு முன்பே கீழே இறங்கிவிட்டது.

‘லைவ் ஹவுஸ்’ என்கிற சின்னச் சின்ன அரங்குகள் இந்த ஊரின் அடையாளம். இன்று பெரிய அரங்குகளை நிரப்பும் பம்ப் ஆஃப் சிக்கன், ஏசியன் குங்-ஃபூ ஜெனரேஷன் போன்ற குழுக்கள் தொடக்கத்தில் வாசித்த ஊர். புதிய பேண்டுகளை வளர்த்துவிடும் இடம் என்று கேட்டவர்களெல்லாம் சொன்னார்கள். யார் வளர்க்கிறார்கள், யார் காசில்? அதைப் பார்க்கத்தான் அந்த வாரம் மாலைதோறும் படியிறங்கினேன்.

முதலில் ஷெல்டர். 1991-ல் திறந்த அரங்கு; ஸ்டேஷனிலிருந்து நாலைந்து நிமிட நடை. செங்குத்தான படி இறங்கினால் ஒரு மேசை, ஒரு பணப்பெட்டி. டிக்கெட் 3,000 யென். அதோடு குடிக்க ஏதாவது வாங்கியே ஆக வேண்டும், அதற்கு 600 யென், நம் காசில் 300 ரூபாய்க்கு மேல். இப்படிப்பட்ட இடங்கள் பெரும்பாலும் உணவகத்துக்கான உரிமத்தில் நடப்பவை என்பதால் வந்த வழக்கம் இது.

பணத்தை வாங்கிய பெண் கேட்டாள்: “எந்த பேண்டைப் பார்க்க வந்தீர்கள்?” உபசாரக் கேள்வி என்றுதான் முதலில் தோன்றியது. பதில் சொன்னதும் அவள் பேனா ஒரு தாளுக்குப் போனது. அன்று வாசிக்கும் நான்கு குழுக்களின் பெயர், ஒவ்வொன்றுக்கும் நேரே ஐந்தைந்தாகச் சேர்த்த கோடுகள். ஒரு பெயருக்கு எதிரே கோடுகள் வரிசையாக ஓடின. இன்னொன்றுக்கு எதிரே மூன்றே கோடு.

உள்ளே 250 பேர் நின்றால் மூச்சு முட்டும். டிரம்ஸ் அடி, தவிலுக்குப் பக்கத்தில் நிற்பதுபோல நெஞ்சுக்கூட்டில் வந்து விழுந்தது. டோக்கியோ ரசிகர்கள் அசையமாட்டார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். கண்ணில் பட்டது வேறு. குழுவுக்கு அரை மணி. ஒரு குழு முடிந்ததும் முன்வரிசையில் இருந்தவர்கள் தாமாகவே பின்னால் நகர்ந்து, அடுத்த குழுவின் ரசிகர்களுக்கு இடம் விட்டார்கள். யாரும் சொல்லவில்லை, யாரும் முண்டவில்லை. பாட்டு நடக்கும்போது யாரும் பேசுவதில்லை. கடைசிக் குழு வாசித்தபோது அதே கூட்டம் கையை உயர்த்திக் குதித்தது.

அடுத்து, தெற்குப் பக்கச் சந்து ஒன்றில் இன்னொரு அரங்கு. பெயர் வேண்டாம். கூட்டத்தை எண்ணினேன், 19 பேர். அதில் 7 பேர் சிறிது நேரத்தில் தாங்களே மேடையேறினார்கள். ஆனாலும் மேடையில் யாரும் சுருதி குறைத்துக்கொள்ளவில்லை. அரங்கு நிரம்பி வழிவதுபோலவே கண்ணை மூடிக்கொண்டு கத்திப் பாடினார் அந்தப் பாடகி.

முடிந்ததும் பேஸ் கித்தார் வாசித்தவரே ஒரு மடக்கு மேசையைப் போட்டு 1,000 யென்னுக்கு சிடி விற்றுக்கொண்டிருந்தார். வாசலில் பார்த்த கோடுகளைப் பற்றிக் கேட்டேன். “நோருமா” என்றார். குழு இத்தனை டிக்கெட் விற்க வேண்டும் என்ற கட்டாய இலக்கு. அன்று அவர்களுக்கு 20 டிக்கெட், விலை 2,400 யென். விற்றது 12. மீதி எட்டுக்கு 19,200 யென் அவர்கள் பையிலிருந்து போக வேண்டும். அப்போது டோக்கியோவில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 1,163 யென். கணக்குப் போட்டுப் பார்த்தேன்: அரை மணி வாசிப்புக்காகக் கடையில் 16 மணி நேரத்துக்கும் மேல் வேலை.

எல்லா இடத்திலும் எல்லாக் குழுவுக்கும் இப்படி இல்லை. பெயர் எடுத்தவர்களை அரங்கே கூலி கொடுத்து அழைக்கும். அரங்குக்கும் வாடகை, ஒலி, ஒளி ஆட்கள் என்று செலவு உண்டு. ஆனால் வளர்த்துவிடுகிறோம் என்கிற பேச்சில் இந்த 19,200 யென் வருவதே இல்லை.

வார நடுவில் ஷிமோகிதாசாவாவை விட்டு வெளியே, ஷிஞ்ஜுகு லாஃப்ட் அரங்கு. 1976-ல் தொடங்கி, 1999-ல் கபுகிச்சோவுக்கு இடம் மாறிய பழைய பெயர். மேடைத் தரையில் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள். 500 பேர் கொள்ளும் கூடம் முக்கால்வாசி நிரம்பியிருந்தது. இங்கும் இடைவேளையில் சட்டையும் சிடியும் விற்கக் குழுவினரே வந்து நின்றார்கள், வியர்வை காயாமல்.

வாரக் கடைசியில் கோஎன்ஜி பக்கம், யு.எஃப்.ஓ. கிளப். சுவரெல்லாம் சிவப்பு. நீண்ட கித்தார் இழைப்பில் நேரம் போனதே தெரியவில்லை. சின்ன அறையில் இந்த இசைக்குக் கிடைக்கிற சூடு பெரிய மைதானத்தில் கிடைக்காது என்று அங்கே உறுதியாகத் தோன்றியது. கலைஞன் காலடியில் ஒயர் இடறுவதுகூடத் தெரிகிற தூரம் அது.

அந்த வாரம் கண்ணால் கண்டதை வைத்துச் சொல்கிறேன்: டோக்கியோவின் இந்த இசையை முதலில் தாங்குபவர்கள் அதை வாசிப்பவர்கள்தான். அவர்களுக்கு அடுத்த தாங்கல் நாம். அங்கே போகிறவர்கள் ஒரு வேலை செய்யலாம். வாசலில் டிக்கெட் வாங்காமல், இரண்டு நாள் முன்பே அந்தக் குழுவுக்கே செய்தி அனுப்பி, எனக்கு ஒன்று எடுத்து வையுங்கள் என்று கேட்கலாம். பெரும்பாலும் 500 யென் குறையும். உங்கள் கோடு சரியான பெயருக்கு நேரே விழும். ஒரு டிக்கெட் ஒரு இளைஞனின் இரண்டு மணி நேரக் கூலி. அதை மிச்சப்படுத்திக் கொடுத்தால், அந்த நேரத்தில் அவன் இன்னொரு பாட்டு எழுதுவான்.