சத்தமில்லாத பிழை

என் ஆய்வேடு முழுக்க ஆங்கிலம். சமர்ப்பணப் பக்கத்தில் மட்டும் தமிழில் ஒரு சொல்: பெற்றவளுக்கு. அம்மாவுக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. மொத்தப் புத்தகத்திலும் அவங்க வாசிக்கப்போறது அந்த ஒரு சொல்லைத்தான்.

லாடெக்கிலிருந்து பிடிஎஃப் எடுக்க முதலில் பிடிஎஃப்லாடெக்கை ஓட்டினேன். ஒவ்வோர் எழுத்துக்கும் நின்று நின்று, இதை எனக்குத் தெரியாது என்றது. எரிச்சலா இருந்தாலும் முகத்துக்கு நேரா சொல்லிவிட்டது. ஸீலாடெக்குக்கு மாறினேன். ஓட்டம் நிற்காமல் முடிந்து பிடிஎஃப் வந்துவிட்டது. சமர்ப்பணப் பக்கம் மட்டும் வெள்ளை. லாக் கோப்பைத் திறந்தால், எத்தனையோ வரிகளுக்கு நடுவே, இந்த எழுத்துருவில் இந்த எழுத்து இல்லை என்று ஒரு குறிப்பு. இயல்பாக வரும் எழுத்துருவில் தமிழ் கிடையாது.

ஃபான்ட்ஸ்பெக் வழியாக நோட்டோ செரிஃப் தமிழைக் கொடுத்தேன். சொல் வந்தது, ஆனால் ஒற்றைக்கொம்பு பகரத்துக்குப் பின்னால் நின்றது. யூனிகோடில் கொம்பு மெய்க்குப் பின்னால்தான் சேமிக்கப்படுகிறது. அதை முன்னுக்குக் கொண்டுவருவது தமிழ் விதி தெரிந்த நிரலின் வேலை. ஸ்கிரிப்ட் தமிழ் என்று தனியாகச் சொன்ன பிறகுதான் கொம்பு தன் இடத்துக்கு வந்தது.

நின்று சண்டை போடுகிற பிழையைத் திருத்திடலாம். சத்தமில்லாமல் நம்மை விட்டுவிட்டுப் போவதற்குத்தான் பயப்படணும். 2021க்குப் பிந்தைய பதிப்புகளில் டிரேசிங்லாஸ்ட்கேர்ஸ் அளவை 3 என்று வைத்தால், விடுபட்ட எழுத்தும் பிழையாகி ஓட்டம் நிற்கும். இப்போ என் கோப்புகள் எல்லாம் அந்த வரியோடுதான் தொடங்குகின்றன.